வாசகர் கேள்வி பதில்: விமான நிலையத்தின் பக்கத்தில் இரண்டு நாள்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் டெல்டாவின் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளைகள் எந்த விமானத்தில் வருகிறார்கள், திருச்சியில் எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள், அழைத்துவர யார் போவது. இம்முறை வந்த கடிதங்களும் அதையொட்டியே இருப்பதால், திருச்சி விமான நிலையத்தையும் அதைச் சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிகளையும் வைத்து ஒரு வார இறுதியைத் திட்டமிடுவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): ஐயா, என் மகளும் மருமகனும் பத்து வயதுப் பேரன், ஆறு வயதுப் பேத்தியுடன் சிங்கப்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணி அளவில் திருச்சியில் இறங்குகிறார்கள். சென்ற முறை இரவோடு இரவாகக் காரில் அழைத்து வந்ததில் பேத்தி வழியெல்லாம் வாந்தி எடுத்து, வீடு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். ஆகவே இம்முறை விமான நிலையத்தின் பக்கத்திலேயே இரண்டு இரவு தங்கிவிட்டு ஞாயிறு மாலை ஊர் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறோம். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம், வயலூர், கல்லணை, முக்கொம்பு எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? எனக்கு முழங்கால் வலி உண்டு. என் கணவருக்கு 70 வயது.

பதில்: முடியாது அம்மா. ஏழு இடங்களையும் காரின் சன்னல் வழியாகப் பார்க்கலாம். அதற்குப் பெயர் பார்ப்பது அன்று. உங்கள் பட்டியலில் மூன்று இடங்கள் போதும், குழந்தைகளுக்காக வேறு இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். திருச்சியில் தொலைவு ஒரு பொருட்டே இல்லை. எல்லாமே அரை மணி, முக்கால் மணிப் பயணத்துக்குள் இருக்கின்றன. திட்டத்தைக் கெடுப்பது கோயில் நடை சாத்தும் நேரம். காலையில் சாவகாசமாகக் குளித்து, டிபன் முடித்து, பதினொன்றரைக்குப் புறப்பட்டவர்கள் எல்லோரும் ஒரு மணிக்குச் சாத்திய கதவின் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். நானும் ஒருமுறை திருவானைக்காவலில் அப்படி உட்கார்ந்தேன். மாலையில் நடை திறக்கும் வரையில் இரண்டு குழந்தைகளுக்கு எத்தனை கதை சொல்ல முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

இன்னொரு கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும், அது உங்கள் பேரக் குழந்தைகளின் உடம்புக்குள் ஓடுகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே பதினொன்றரைக்கு இறங்கும்போது அவர்களுக்கு அதிகாலை இரண்டு மணி. குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் கடந்து வெளியே வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நிலையில் உள்ள ஆறு வயதுக் குழந்தையை நீங்கள் 130 கிலோமீட்டர் காரில் ஏற்றினீர்கள். வாந்தி எடுத்ததில் வியப்பில்லை. முதல் இரவை அங்கேயே கழிப்பது என்று நீங்கள் எடுத்த முடிவு மிகவும் சரியானது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும். நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தைக்கு அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே நாலரை. நீங்கள் எழுப்ப வேண்டாம், அவர்கள் உங்களை எழுப்புவார்கள். அதேபோல மாலை ஏழு மணிக்கு அவர்களுக்கு ஒன்பதரை ஆகிவிடும். சோற்றைப் பிசையும்போதே கண் சொருகும். ஆகவே இரவு எட்டு மணிக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதை வைத்து நான் போடும் திட்டம் இது. அறையை விமான நிலையத்தின் பக்கம், அதாவது புதுக்கோட்டை சாலை, கே.கே. நகர், சுப்பிரமணியபுரம், டி.வி.எஸ். டோல்கேட் ஆகியவற்றுக்குள் எங்காவது இரண்டு இரவுக்கும் ஒரே இடத்தில் பிடியுங்கள். இரண்டாம் இரவை ஸ்ரீரங்கத்தில் கழித்தால் கோயிலுக்கு நடந்தே போகலாமே என்று மருமகன் சொல்லக்கூடும்; சொல்வது நியாயந்தான், ஆனால் சிங்கப்பூர்ப் பெட்டிகளை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்குவதில் சனிக்கிழமையின் பாதி போய்விடும். அறை எடுக்கும்போது, நீங்கள் நுழையும் நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கா, அல்லது பகல் 12 மணிக்குக் காலி செய்யும் கணக்கா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கணவருடன் வெள்ளி மாலையே போய் அறையில் இருப்பதானால், 24 மணி நேரக் கணக்கில் ஞாயிறு மாலை வரை அறை உங்களுடையது. கீழே நான் சொல்லும் ஞாயிறு விடியற்காலைப் புறப்பாடு தவறினால், 12 மணிக் கணக்கில் நண்பகலில் பெட்டிகளோடு வாசலில் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை காலையை அப்படியே விட்டுவிடுங்கள். தூங்கட்டும். பதினொரு மணிவாக்கில் புதுக்கோட்டை சாலையிலேயே விமான நிலையத்துக்கு அருகில் இருக்கும் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கு ஆட்டோவில் போய்வரலாம். வெயில் நேரத்தில் இருட்டான, குளிர்ந்த கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதைவிட நல்ல பகல்பொழுது அவர்களுக்குக் கிடைக்காது. தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் வெவ்வேறு நேரங்களில் நடப்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பகல் சாப்பாடு, தூக்கம். மாலை நாலரைக்குத் திருவெறும்பூர்.

அங்கே உள்ள எறும்பீசுவரர் கோயிலை ஸ்ரீரங்கம் போகும் அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தஞ்சாவூர் சாலையில் நாம் எத்தனையோ முறை பேருந்தில் கடந்த அந்தச் சிறு குன்றின்மேல் ஆதித்த சோழன் காலத்துக் கற்றளி இருக்கிறது. அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு வடிவில் வந்து வழிபட்டார்கள் என்றும், வழுவழுப்பான லிங்கத்தில் எறும்பால் ஏற முடியாததைக் கண்டு இறைவன் தாமே புற்றாக மாறி ஒரு பக்கம் சாய்ந்து கொடுத்தார் என்றும் தலபுராணம் சொல்லும். எறும்பு ஏறுவதற்காகச் சாமி சாய்ந்து கொடுத்த கதையைக் கேட்ட பிள்ளைகள் அதன்பிறகு படியில் ஊரும் ஒவ்வொரு எறும்பையும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். படிகள் நூற்றுக்குச் சற்று மேல். மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. என்றாலும் உங்கள் முழங்காலை நினைத்துச் சொல்கிறேன், நீங்கள் கீழே குளக்கரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் பாரத மிகுமின் நிறுவனத்தின் குடியிருப்பும் தொழிற்கூடங்களும், வடக்கே காவிரிக்கரையின் பச்சையும் தெரியும். மேட்டுநிலம் முடிந்து நம் டெல்டா தொடங்கும் இடத்தைக் கண்ணால் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஞாயிறு முழுவதும் வண்டி உங்களோடு இருக்க வேண்டும். ஆறு பேர், வெளிநாட்டிலிருந்து வந்த நால்வரின் பெட்டிகள் என்றால் சாதாரண ஏழு இருக்கைக் காரில் பெட்டிகள் மடியில்தான் வரும். டெம்போ டிராவலர் பேசிவிடுங்கள். அதை வெள்ளிக்கிழமையிலிருந்தே அமர்த்தி வாடகை கொடுக்க வேண்டாம். வெள்ளி இரவு விமான நிலையத்திலிருந்து அறைக்கு இரண்டு கால் டாக்சி போதும், சனிக்கிழமைக்கு ஆட்டோ போதும். காலை ஐந்தரைக்கு அறையைக் காலி செய்துவிட்டு ஆறு மணிக்கெல்லாம் ஸ்ரீரங்கத்தில் இருங்கள். ஏழு திருச்சுற்று, 21 கோபுரம், 156 ஏக்கர் என்ற கணக்கைச் சொல்லிப் பயமுறுத்தாமல், 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரத்தின் கீழே பேரனை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு தரிசனம், இராமானுசர் சந்நிதி, சேஷராயர் மண்டபத்தின் குதிரைத் தூண்கள், அவ்வளவு போதும். பெருமாளுக்குப் பூசை நடக்கும் வேளைகளில் தரிசனம் இடையிடையே நிறுத்தப்படும். அந்த நேரம் வரிசையில் நிற்பதைவிடக் குதிரைத் தூண்களைப் பார்ப்பது நல்லது. முதியோருக்கான மின்கல வண்டியைப் பற்றி வாசலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதரைக்கு டிபன். திருவானைக்காவலில் நெய் ரோஸ்டுக்குப் பெயர் போன பழைய ஓட்டல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே மேசைக்காக நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும், காத்திருக்கலாம். அடுத்தது ஜம்புகேசுவரர் கோயில். இங்கேதான் நேரத்தைத் தாராளமாகச் செலவிடச் சொல்வேன். கருவறையின் வாசல் குள்ளமானது. பெரியவர்கள் குனிந்து நுழைய, உங்கள் பேத்தி நிமிர்ந்தே நுழைவாள். சிலந்தியும் யானையும் போட்டியிட்டு ஈசனை வழிபட்ட கதையையும், அந்தச் சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை நுழைய முடியாத கோயில்களைக் கட்டிய கதையையும் வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த்தலம். லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருப்பதால் அர்ச்சகர் அங்கே விரித்திருக்கும் துணியைப் பிழிந்து எடுப்பதைச் சில நாள் பார்க்கலாம். சுவாமியை ஒன்பது துளைகள் கொண்ட கல் சாளரத்தின் வழியாகவும் காணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக உச்சிக்காலம்: அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் சூடி, அகிலாண்டேசுவரியாகவே தம்மை எண்ணி, மேளதாளத்தோடு அம்மன் சந்நிதியிலிருந்து சுவாமி சந்நிதிக்கு வந்து பூசை செய்வார். இதற்காகவே திருவானைக்காவலைக் காலையில் முதலில் வைக்காமல் நண்பகலை ஒட்டி வைத்திருக்கிறேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் வந்த வழியே தஞ்சாவூர் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டாம். திருவானைக்காவலிலிருந்து காவிரிக் கரையோடு கிழக்கே செல்லும் சாலை நேராகக் கல்லணைக்குக் கொண்டுவிடும். அங்கே ஒரு மணி நேரம். பிறகு திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம் என்று ஆற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம். நெடுஞ்சாலையைவிட நேரம் சற்றுக் கூடும். திருவையாற்றில் வண்டியை நிறுத்திப் பாசிப்பருப்பில் செய்த அசோகா அல்வா வாங்கிச் சூடாகவே கொடுத்தால் நேரம் கூடியதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேத்திக்கு மட்டும் அளவாகக் கொடுங்கள், வளைவுகள் இருக்கின்றன.

சமயபுரத்தை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முழங்கால் வலியோடு வரிசையில் நிற்பது வேண்டாம் என்பதால் விட்டேன். மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். வார நாளில் நீங்களும் கணவரும் மட்டும் தனியாக வந்து பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): விமான நிலையத்தின் அருகில் அறை எடுத்தால் இரவெல்லாம் சத்தத்தில் தூங்க முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: சென்னை மீனம்பாக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். திருச்சியில் விமானங்களின் எண்ணிக்கை குறைவு; ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பல, இரவிலும் விடியற்காலையிலும் வந்து போகும். எனக்கு உறக்கம் கலைந்ததெல்லாம் புதுக்கோட்டை சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் பேருந்தால்தான். சாலையைப் பார்த்த அறை வேண்டாம், பின்பக்கம் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி வாசகர்): என் இரண்டு பையன்களும் விமானத்தை வானத்தில் புள்ளியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். விமானத்தில் பயணம் செய்ய எங்களுக்கு இப்போது வசதி இல்லை. சனி, ஞாயிறில் திருச்சிக்கு ரயிலில் அழைத்துப் போய் விமான நிலையத்தைக் காட்ட விரும்புகிறேன். உள்ளே விடுவார்களா?

பதில்: பயணச்சீட்டு இல்லாமல் முனையத்துக்குள் போக முடியாது, காவலர் முன் நின்று கெஞ்சிப் பிள்ளைகளைச் சங்கடப்படுத்த வேண்டாம். ஆனால் வெளியிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்த புதிய முனையம் அந்த ஆண்டு ஜூன் 11 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. கோயில் கோபுரத்தையும் கோலத்தையும் நினைவூட்டும் வண்ணங்களும் ஓவியங்களும் அதில் இருக்கின்றன. பயணிகள் வெளியே வரும் வாசலின் எதிரே அரை மணி நேரம் நின்றாலே போதும்: தள்ளுவண்டியில் பெட்டி மலைபோல் அடுக்கி வருபவர்களையும், மூன்று வருடம் கழித்து வரும் தகப்பனைக் கண்டும் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தைகளையும் உங்கள் பையன்கள் பார்ப்பார்கள். விமானம் இறங்குவதைக் கிட்டத்தில் பார்க்கப் புதுக்கோட்டை சாலைப் பக்கம் நிற்கலாம். எந்த நேரத்தில் எது வருகிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் பகலில் இரண்டு மணி நேரம் வெறும் வானத்தைப் பார்க்க நேரும். சுற்றுச்சுவரின் மேல் ஏறுவதும், ஓடுபாதையை நோக்கிப் படம் எடுப்பதும் கூடாது.

நீங்கள் ரயிலில் வருவதாக எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரைத் தாண்டியபின் திருவெறும்பூர், மஞ்சத்திடல், பொன்மலை என்று சிறு நிலையங்கள் வரும். பயணிகள் ரயிலாக இருந்தால் பொன்மலையிலேயே இறங்கிவிடலாம். பொன்மலை ரயில்வே பணிமனைக்கும் நம் கடற்கரைக்கும் ஓர் உறவு உண்டு. இந்தப் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-ல் பொன்மலையில் நிலைகொண்டது. வேலையோடு குடும்பங்களும் நாகையிலிருந்து பெயர்ந்து வந்தன, அதனால் அப்பகுதியில் பழைய தலைமுறையிடம் பேச்சுக் கொடுத்தால் 'எங்கள் பாட்டனார் நாகப்பட்டினம்' என்ற சொல் இன்றும் காதில் விழும். நீலகிரி மலை ரயிலுக்கான புதிய நீராவி என்ஜின்களைச் செய்தது இந்தப் பணிமனைதான். உள்ளே நினைத்தவுடன் நுழைய முடியாது. ஆனால் பெரிய மரங்களின் நிழலில் நேர் நேராகப் போகும் ரயில்வே காலனித் தெருக்களில் நடப்பதற்கும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பையன்களுக்கு ஏதேனும் தின்ன வாங்கிக் கொடுப்பதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். என்ஜினைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்றால் திருச்சி சந்திப்பின் அருகில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. விமானத்தை எட்ட நின்று பார்த்த பிள்ளைகளுக்கு அங்கே கை வைத்துப் பார்க்க ஒன்று கிடைக்கும். கோளரங்கத்தைப் பற்றி முந்தைய பதிலில் எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் அது பொருந்தும்.

கேள்வி (மன்னார்குடி வாசகி): விமான நிலையத்தில் தம்பியை வரவேற்கும் சாக்கில் இரண்டு நாள் தங்கப்போகிறோம். எங்களுக்குக் கோயிலைவிடத் தண்ணீர்தான் வேண்டும். கல்லணையா, முக்கொம்பா? எந்த மாதம் போவது? குளிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இரண்டு இடத்திலும் அணையை ஒட்டி இறங்கக் கூடாது. வாய்க்காலில் நீந்தி வளர்ந்த ஊர்க்காரர்கள் என்ற துணிச்சல் அங்கே உதவாது. மதகின் கீழே நீர் மேலே அமைதியாகவும் அடியில் சுழன்றும் ஓடும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் இருக்கும். மேலிருந்து திறந்துவிடும் அளவு ஒரே பொழுதில் மாறும். குளித்தே ஆகவேண்டும் என்றால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறை இருக்கிறது, அங்கும் நீரின் அளவைப் பார்த்து, படியை விட்டு இறங்காமல் குளியுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை மேட்டூரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. திறந்த நீர் கல்லணையை எட்டச் சில நாள் பிடிக்கும். ஆனால் மரபு எல்லா ஆண்டும் நடப்பதில்லை என்பதை மன்னார்குடிக்காரருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை குறுவைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று பாருங்கள். அங்கே வந்திருந்தால் கல்லணையில் கட்டாயம் இருக்கும். பிப்ரவரியிலிருந்து மே வரை போனால் மணலையும் மதகையும் பார்க்கலாம். கட்டுமானத்தை மட்டும் பார்ப்பவருக்கு அதுவும் ஒரு வசதிதான். ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில் கூட்டத்துக்குத் துணிந்தவர்கள் மட்டும் போகலாம்.

இரண்டில் ஒன்று என்றால் நான் கல்லணையைத்தான் சொல்வேன். முக்கொம்பு பூங்காவும் நிழலும் உள்ள இடம், சோற்றுக்கூடை எடுத்துப் போய் உட்கார ஏற்றது. 1836 முதல் 1838 வரையில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார்; 2018 ஆகஸ்ட் 22 இரவில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டதும், அதன்பின் புதிய கதவணை எழுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நம் வயலுக்கு வரும் தண்ணீர் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதைப் பார்க்கக் கல்லணைக்குத்தான் போக வேண்டும். கரிகாலன் கட்டியதாக நாம் போற்றும் அந்தப் பழைய அணை ஏறத்தாழ 1,080 அடி நீளமும் 66 அடி அகலமும் 18 அடி உயரமும் கொண்டது. அங்கே பாலத்தின்மேல் நடந்தால் ஒவ்வொரு ஆறாகக் கடக்கலாம்: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, பிறகு 1934-ல் வெட்டிமுடித்த புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாய். வெண்ணாற்று மதகின்மேல் சற்று நேரம் நின்று பாருங்கள். கீழே நுரைத்துக்கொண்டு போகிற அந்த நீர்தான் நீடாமங்கலம் மூன்றாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாறாக உங்கள் ஊரைத் தொடுகிறது. தம்பி வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்றால் அவருக்கு இதை நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டும். காற்றில் சாரல் முகத்தில் தெறிக்கிற நாளாக இருந்தால் இன்னும் நன்று.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): திருச்சிக் கோயில்கள் எல்லாம் பலமுறை பார்த்தாயிற்று. விமான நிலையப் பக்கம் தங்கினால் வேறு எங்கே போகலாம்? காரில் வருகிறோம்.

பதில்: விமான நிலையத்தின் முன் போகும் சாலையிலேயே தெற்கே போங்கள். முக்கால் மணி நேரத்தில் நிலமே மாறிவிடும். நெல்லையும் தென்னையையும் பார்த்த நம் கண்ணுக்குச் செம்மண்ணும் மொட்டைப் பாறையும் புதிதாக இருக்கும். கீரனூரைத் தாண்டினால் நார்த்தாமலை. அங்கே மேலமலையில் விசயாலய சோழீச்சுரம் என்னும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி, பாறைச் சரிவில் தனியாக நிற்கிறது. முத்தரையர் தலைவர் ஒருவர் எடுப்பித்த இந்தக் கோயிலின் கருவறை வட்டமானது, அதைச் சுற்றிய வெளிச்சுவர் சதுரமானது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துப் பழகியவர்கள் அதற்கு முந்தைய தலைமுறைக் கைவேலையை இங்கே பார்க்கலாம். எதிரே குடைவரையில் திருமாலின் பன்னிரண்டு உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. இதையே தொடர்ந்து சித்தன்னவாசலுக்கும் போகலாம்: சமணர் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளமும் அதில் பூப்பறிப்பவர்களும் மங்கிய வண்ணத்தில் எஞ்சியிருக்கிறார்கள், மலைச்சரிவில் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் துறவியரின் கற்படுக்கைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் காலை ஆறரைக்குப் புறப்பட்டு நார்த்தாமலையை ஒன்பதுக்குள் முடியுங்கள். பாறை பதினொரு மணிக்கு மேல் அடுப்பாகிவிடும், மேலே கடையோ நிழலோ கிடையாது, தண்ணீரை நீங்களே சுமக்க வேண்டும்.

வரும் வழி பற்றி ஒரு வார்த்தை. தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்கள் நகரத்துக்குள் நுழைய வேண்டியதே இல்லை. துவாக்குடியில் பிரியும் அரைவட்டச் சாலை மாத்தூரில் புதுக்கோட்டை சாலையைத் தொடும். அங்கிருந்து வடக்கே திரும்பினால் விமான நிலையம், தெற்கே திரும்பினால் நார்த்தாமலை. பேருந்தில் வருவோருக்கும் ஒரு மாற்றம்: 2025 ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகளுக்கான நிலையம் பஞ்சப்பூருக்குப் போய்விட்டது. பழைய மத்திய பேருந்து நிலையத்தை நம்பி அறை எடுத்தவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (பாபநாசம் வாசகர்): என் மகன் குடும்பம் ஞாயிறு விடியற்காலை விமானத்தில் திரும்புகிறது. அதற்கு முன் இரண்டு நாள் எல்லோரும் திருச்சியில் சேர்ந்திருக்கலாம் என்று ஏற்பாடு. பேரப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, அறை எடுக்கும்போதே. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் தங்கினால், குழந்தையே ஆனாலும், விடுதிக்காரர் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை (முன்பு 'சி' படிவம் எனப்பட்டது) 24 மணி நேரத்துக்குள் இணையவழியாக அரசுக்குச் சமர்ப்பிக்க வேண்டும். அந்த வசதி செய்துகொள்ளாத சிறிய லாட்ஜுகள், கடவுச்சீட்டைக் கண்டவுடன் 'அறை இல்லை' என்று சொல்லிவிடும். என் உறவினர் ஒருவருக்கு இரவு பதினொரு மணிக்கு அப்படி நேர்ந்தது. பணம் கட்டிய ரசீது கையில் இருந்தும் பெட்டிகளோடு வேறு இடம் தேடினார்கள். முன்பதிவின்போதே தொலைபேசியில் கேளுங்கள், வரும்போது கடவுச்சீட்டு, விசா அல்லது ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டையின் நகல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும் என்றால் சனிக்கிழமை இரவு யாரும் தூங்கப்போவதில்லை. ஆகவே ஊர் சுற்றுவதை வெள்ளிக்கிழமையோடு முடித்துக்கொண்டு, சனிக்கிழமை பகலை மூட்டை கட்டுவதற்கு விடுங்கள். ஊறுகாய், பொடி வகைகள் பெரிய பெட்டியில் போகட்டும். எண்ணெய் கசியாதபடி இரண்டு உறையாவது போடுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். நம் பக்கத்துத் தாய்மார்கள் தவறாமல் வைத்து அனுப்பும் கொப்பரைத் தேங்காயை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்தால் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் அதை ஏற்ற விடமாட்டார்கள். என் அக்காள் மகனுக்காக வீட்டு மாடியில் ஒரு வாரம் காயவைத்து, துணிப்பையில் தைத்துக் கொடுத்த நான்கு கிலோ கொப்பரை கவுண்டரில் வெளியே எடுக்கப்பட்டு எங்களோடு காரிலேயே ஊர் திரும்பியது. அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் இட்லிக்குத் தேங்காய்ப்பொடிதான்.